ஈரக்கைக் கோபம்

எழுத்தாளரின் எழுத்தறையில் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. பெரிய மேஜை இருந்தது. உடைந்த கப்பலின் மரத்தில் செய்தது என்று பேட்டிகளில் சொல்வார். இழுத்து மூடிய ஒரு வங்கிக் கிளையிலிருந்து ஏலத்தில் எடுத்தது என்பது அவருக்கும் லாரிக்காரனுக்கும் மட்டும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே மரம் இருந்தது. அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவர் எழுதுகிறார் என்று ஒரு விமர்சகர் எழுதிவைத்துவிட்டதால், கம்பியில் உரசும் கிளையை வெட்ட வந்த மின்சார ஆட்களோடு சண்டை போட்டுத் திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று. அன்று தெரு முழுக்க இருட்டு. பொன்முள் வைத்த பேனா இருந்தது. பேனாவில் மை இல்லை. மை வற்றி எவ்வளவு காலமாயிற்று என்பது பேனாவுக்கே மறந்துபோயிருக்கும்.

இன்று காலை அந்த மேஜைக்கு முன்னால், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கேமராக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வந்ததும் தம் இரண்டாவது நாவலின் முதல் பக்கத்தை அவர் வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது நாவல் என்று ஒன்று இல்லை. முதல் பக்கம் இல்லை. முதல் வரிகூட இல்லை.

ஏற்பாடு பதிப்பாளருடையது. நேற்று தொலைபேசியில் ரொம்ப மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"ஐயா, உங்க அறிவுரைப் புத்தகமெல்லாம் நல்லாத்தான் போகுது. 'வெள்ளைத் தாளின் அழைப்பு' போகுது, 'மௌனமே மை' போகுது. எழுத வர்ற பசங்க எழுதறாங்களோ இல்லையோ, எப்படி எழுதறதுன்னு நல்லா வாங்கிப் படிக்கறாங்க."

"நாவல் கனிஞ்சுகிட்டு இருக்கு," என்றார் எழுத்தாளர்.

"கனியட்டும் ஐயா. ஆனா நீங்க சொல்ல ஆரம்பிச்ச காலத்துக்கு அது கனிஞ்சு, பழுத்து, அழுகி, கொட்டை முளைச்சு, மறுபடி மரமே ஆயிருக்கணுமே. கடையே இல்லாம பெயர்ப்பலகையை மட்டும் எத்தனை நாள் மாட்டி வெக்கறது? நாளைக்குக் கேமரா முன்னாடி முதல் பக்கத்தை வாசிச்சுடுங்க. இல்லேன்னா 'விரைவில்' பட்டியல்லேருந்து உங்க பேரை எடுத்துடறேன். 'விரைவில்'ங்கற வார்த்தைக்கும் ஒரு மானம் மரியாதை இருக்கில்ல?"

எழுத்தாளர் சிரித்தார். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் முகத்திலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பட்டியலில் பெயர் இருக்கும்வரைதான் அவர் எழுதிக்கொண்டிருப்பவர். பெயர் போனால் எழுதியவர். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் அவருக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தில் கிடக்கும் சிலருக்கு அவரே இரங்கல் கூட்டங்களில் பேசியிருக்கிறார். அதிலும் ஒருவர் அப்போது உயிரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எழுதிப் பார்க்காமல் இல்லை. விடியலுக்கு முன் எழுந்து பார்த்தார், தூக்கம் வந்தது. நின்றுகொண்டு எழுதிப் பார்த்தார், முழங்கால் வலித்தது. தம்மைப் பாதித்தது கடல்தான் என்று ஒரு பேட்டியில் சொல்லிவிட்டு, சொன்ன வாய்க்காகக் கடலோரத்தில் அறை எடுத்துத் தங்கிவிட்டு ஜலதோஷத்தோடு திரும்பினார். சில காலைகளில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தம் பழைய நாவலையே பக்கத்தில் விரித்து வைத்து, பார்த்துப் பார்த்துத் தாளில் எழுதுவார். நல்ல வரிகள் கையிலிருந்து வருவது எப்படி இருக்கும் என்று கைக்கு மறந்துவிடக் கூடாது என்பதற்காக. எழுதி முடித்துக் கிழித்துப் போடுவார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் அவருடைய எதிரிகளுக்கும் மனசு இளகிவிடும்.

அந்தப் பழைய நாவல் எழுதப்பட்ட விதம் வேறு.

அப்போது அவர் தண்ணீர் வரி அலுவலகத்தில் எழுத்தர். சின்ன வாடகை வீடு. வீட்டில் ஒரே மேஜை, அது சமையலறை வாசலில் கிடந்த சாப்பாட்டு மேஜை. எழுத்தர் எழுத்தாளர் ஆவதற்கு நடுவில் ஒரு 'ஆள்' வேண்டும். அந்த ஆள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழாயடியில் பாத்திரம் கழுவியபடி பேசிக்கொண்டே இருந்தாள். அவர் மனைவி.

அவளால் பேசாமல் கழுவ முடியாது. கீழ்வீட்டுக்காரி, வராத குழாய்க்காரன், சொந்தக்காரர்கள், புருஷன், எல்லாரும் அந்தத் தண்ணீரில் வந்து விழுந்து எழுந்து போவார்கள். "உங்க ஆமா இருக்கே, அது தலகாணி ஆமா. தூங்க விட்டா போதும்னு சொல்ற ஆமா. அதை எவ நம்புவா?" என்பாள். கோபம் வரும்போது கை ஈரமாக இருக்கும். சோப்பு வழியும் கையை நீட்டித் திட்டவும் முடியாது, எதையும் தூக்கிப் போடவும் முடியாது. "இது ஈரக்கைக் கோபம். கை காயறதுக்குள்ள நீங்க ஆபீஸ் போயிடுவீங்க, கோபமும் போயிடும். அந்தத் தைரியம்தானே உங்களுக்கு?" என்பாள். அவர் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்.

"என்னத்தக் கிறுக்கறீங்க?"

"ஆபீஸ் வேலை."

நாவல் வந்தது. பெயர் 'ஈரக்கை'. ஒரு விமர்சகர் 'தலையணை ஆமாம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நவீன மனிதனின் அந்நியமாதல் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதைப் படித்துவிட்டு எழுத்தாளரே கொஞ்ச நாள் அந்நியமாகி நடந்தார். இன்னொருவர், பெண்மனத்தின் ஆழத்தில் மூச்சடக்கி மூழ்கி எடுத்த முத்துகள் என்றார். மூழ்கியதாக எழுத்தாளருக்கு ஞாபகமில்லை. நனைந்ததுகூட இல்லை, குழாயடியிலிருந்து மேஜை கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது.

மனைவி அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. "நீங்க எழுதினதுதானே, எங்க ஓடிடப் போகுது," என்று அலமாரியில் வைத்துவிட்டாள். விருது விழாவில்தான் அது அவள் காதில் விழுந்தது. மேடையில் ஒரு நாடக நடிகை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள்: "எங்க அக்கா அழறதுக்கு முன்னாடி, வீட்ல யார் யார் இருக்காங்கன்னு ஒரு சுத்துப் பார்த்துட்டுதான் அழுவா." அரங்கம் வெடித்துச் சிரித்தது. மனைவிக்குப் பக்கத்து இருக்கையில், தங்கை புருஷனுக்கு விருது என்று புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்த அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்த முழங்கால்களையெல்லாம் தாண்டி வெளியே போனாள். அதோடு போனவள்தான். போன் இல்லை, போக்குவரத்து இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது மனைவி கடைசியாக ஒரு நீளமான வாக்கியம் சொன்னாள். "இனிமே இந்த வாய் உங்களுக்கு வாடகைக்குக்கூடக் கிடைக்காது."

கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு 'ம்'. 'சரி'. 'சாப்பாடு ஆச்சு'. 'குழாய்க்காரன் வந்துட்டுப் போனான்'. ஒரு நல்ல தகவல் பலகை எவ்வளவு பேசுமோ அவ்வளவுதான். விருதோடு பெரிய வீடு வந்தது, கதவு வைத்த எழுத்தறை வந்தது, அறைக்குள் முழு அமைதி வந்தது. அந்த அமைதிக்குள் அவர் போய் உட்கார்ந்தார். இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

இன்று காலை கடைசியாக ஒரு முறை முயன்று பார்த்தார். சமையலறை வாசலில் போய் நின்றார்.

"டீயில சர்க்கரையே இல்ல."

"சரி." சர்க்கரை டப்பா அவர் பக்கம் நகர்ந்தது.

"கீழ்வீட்டுக்காரி உன்னப் பத்தி என்னமோ சொன்னாளாமே."

"ம்."

"நீ குண்டாயிட்டே வர்றே."

எந்த மனைவியும் பதில் சொல்லியே தீர வேண்டிய வாக்கியம் இது. அவள் திரும்பிப் பார்த்தாள். எழுத்தாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். உதட்டோரத்தில் ஏதோ ஒன்று எழுந்ததை அவர் கண்ணால் பார்த்தார், சத்தியமாகப் பார்த்தார். அவள் கண் அவர் சட்டைப்பையில் செருகியிருந்த பேனாவுக்குப் போயிற்று. எழுந்தது உட்கார்ந்துவிட்டது.

"சரி," என்றாள்.

"ஒரு வார்த்தை திட்டேன்," என்றார் எழுத்தாளர். குரல் அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை. "ஒரே ஒரு வார்த்தை."

அழைப்பு மணி அடித்தது. "ஆளுங்க வந்துட்டாங்க," என்றாள் தகவல் பலகை.

வந்தவர்கள் இரண்டு பேர். இலக்கியச் சேனல் ஒன்றுக்காகப் பேட்டி எடுக்கும் இளம்பெண். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு தாடிக்காரன். தாடிக்காரன் மேஜையைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம் சார். எங்க பேங்க்ல இந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு," என்றான். எழுத்தாளர் அவசரமாக ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, மரத்தைப் பற்றிப் பேசினார்.

பேட்டி ஆரம்பித்ததும் அவருக்கு உயிர் வந்தது. எழுதுவதைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு இணை கிடையாது.

"நான் எழுதுவதில்லை. எழுதப்படுகிறேன்," என்றார்.

"யாரால சார்?" என்றாள் பெண்.

கேள்வி எதிர்பாராதது. "மௌனத்தால்," என்று சமாளித்தார். பழக்கங்கள்? விடியலுக்கு முன் எழுவார், குளிர்ந்த நீரில் முகம் கழுவுவார், பேனாவை ஏந்தி ஜன்னலுக்கு முன் நிற்பார். வார்த்தை பறவைபோல வந்து உட்காரும், அதை விரட்டாமல் இருப்பதுதான் கலை. பாதிப்புகள்? காற்று. பாறை. கடலைச் சொல்ல வாயெடுத்து, ஜலதோஷம் ஞாபகம் வந்து, வானம் என்று மாற்றிக்கொண்டார்.

"புதுசா எழுத வர்றவங்களுக்கு?"

"தனிமை," என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "குடும்பத்தின் இரைச்சலிலிருந்து விலகுங்கள். வீட்டில் குண்டூசி விழுந்தால் கேட்க வேண்டும். அந்த மௌனத்தில்தான் உங்கள் சொந்தக் குரல் கேட்கும்."

சமையலறையில் ஒரு பாத்திரத்தின் மூடி விழுந்து, வட்டமடித்து, வெகுநேரம் யோசித்து அடங்கியது.

"அருமை சார். இப்போ முதல் பக்கம் வாசிச்சுடலாமா?"

எழுத்தாளர் மேஜைமேல் இருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். "வாசிக்கலாம். ஆனா... பக்கம் இன்னும் கொஞ்சம் மூச்சு விடணும்."

"லைட்டை மாத்தறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும் சார். அதுக்குள்ள விடட்டும்," என்றான் தாடிக்காரன், விளக்கைத் தூக்கிக்கொண்டே.

பெண் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். எழுத்தாளர் அறையை விட்டு வெளியே வந்து, நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசற்கதவு பக்கத்தில்தான் இருந்தது. இப்படியே படியிறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தார். திடீர் நெஞ்சுவலி என்று உட்கார்ந்துவிடலாம். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதையும் படம் பிடித்துவிடும். அப்போதுதான் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? கேமராவுக்கு இல்ல, சும்மா."

"ம்."

"அந்த அக்கா வரி இருக்கே, எங்க அக்கா அப்படியே அச்சு. அழறதுக்கு முன்னாடி ரூமை ஒரு ரவுண்டு பார்ப்பா. நான் அதைப் படிச்சதும் அவளுக்குப் போன் போட்டு வாசிச்சுக் காட்டினேன். அடிப்பாவி, இது நான்தானேடின்னா. விழுந்து விழுந்து சிரிச்சோம்."

குழாய் நின்றது.

"கோவிச்சுக்கலையா அவ?"

"எதுக்கு? சொன்னது நான்தானே. வேற எவனாவது சொல்லியிருந்தா கொன்னே போட்டிருப்பா."

பிறகு ஒரு சத்தம். என்ன சத்தம் என்று எழுத்தாளருக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதான். அதேதான். அந்த வரியை எழுதினது அவரு. சொன்னது நான். நான் சொல்லும்போது அதுல பாசம் இருந்துச்சும்மா. எழுதும்போது அதை மட்டும் உருவி எடுத்துட்டாரு, மீன்ல முள்ளு எடுக்கற மாதிரி."

"அப்போ... தலகாணி ஆமா?"

"அது இவரேதான். கல்யாணம் ஆன புதுசுலேருந்து அதே ஆமா. பரிசு கொடுத்தாங்க பாரு, அன்னிக்கு மேடையில நன்றி சொன்னாரே, அதுவும் தலகாணி நன்றி."

பெண் சிரித்தாள். குழாய் மறுபடி ஓடியது. தண்ணீர் ஓடினால் அவளால் பேசாமல் இருக்க முடியாது. அந்தச் சின்ன வாடகை வீடு அப்படியே திரும்பி வந்து நடையில் நின்றதுபோல எழுத்தாளருக்கு இருந்தது. கதவில் காதை வைத்தார்.

"என் அக்கா இந்த மாசம்தான் போன் பண்ணினா. எடுத்ததும் பேசல. மூச்சு மட்டும் வருது. எனக்குத் தெரியாதா? ஒரே போர்வைக்குள்ள கிடந்து வளர்ந்த மூச்சு. 'என்னடி, உயிரோட இருக்கியா'ன்னா. 'உன்கிட்ட திட்டு வாங்காம எப்படிச் சாவறது'ன்னேன். அவ்வளவுதான். நடுவுல ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடுச்சு."

"எங்க இருக்காங்க?"

"மகன் வீட்ல. வீடு பெருசு, கார் நிக்க இடம் இருக்கு, நாய்க்குத் தனி அறை இருக்கு. இவளுக்குப் படுக்கை கூடத்து சோபாவுல. எல்லாரும் எழுந்திருக்கறதுக்குள்ள போர்வையை மடிச்சு ஒளிச்சு வெச்சுடணும், யாராவது வந்தா அசிங்கமாம். 'பகல்ல நான் இந்த வீட்ல இருந்ததுக்கு அடையாளமே இருக்காதுடி'ங்கறா." குரல் கம்மியது. "அதைச் சொல்லிட்டு அழுதா. அக்கா இப்பல்லாம் சுத்திப் பாக்காமலே அழறாம்மா. பாக்கறதுக்கு யாரும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

கதவுக்கு இந்தப் பக்கம் எழுத்தாளரின் முடியெல்லாம் எழுந்து நின்றது. வந்துவிட்டது. வரி வந்துவிட்டது. வெறும் வரியில்லை, அந்தப் பழைய வரியின் மறுபாதி. சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி உள்ளங்கையில் எழுதினார். கீறல்தான் விழுந்தது. மறுபடி அழுத்தினார். பொன்முள் தோலைக் கிழித்தது, மை இல்லை. நாக்கில் தொட்டு எழுதிப் பார்த்தார். பேனாவைக் கீழே போட்டுவிட்டு, பரீட்சைக்குப் போகும் பிள்ளைபோல உதட்டை அசைத்து மனப்பாடம் பண்ண ஆரம்பித்தார். சுற்றிப் பார்க்காமலே அழுகிறாள். போர்வையை மடித்து ஒளித்து. நாய்க்குத் தனி அறை.

உள்ளே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "'யார்கிட்டயும் சொல்லாதே, முக்கியமா அந்த மனுஷன் காதுல போடாதே, இன்னொரு வாட்டி என்னால மேடை ஏற முடியாது'ன்னா. அடுத்த வாரம் இங்க வரேன்னு சொல்லியிருக்கா. இவரு ஏதோ கூட்டத்துக்குப் போற நாளா பாத்து. பழைய போர்வையெல்லாம் துவைச்சு வெச்சிருக்கேன். நீ யாரோ எவரோ, உன்கிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல. இன்னிக்குப் போனா நாளைக்கு வர மாட்டே, அதான்."

இதுவும் எழுத்தாளரின் காதில் விழுந்தது. இதை மட்டும் அவர் மனப்பாடம் பண்ணவில்லை. முதல் பக்கத்துக்குத் தேவையில்லாத வரிகள் என்று ஒதுக்கிவிட்டார்.

"சார், லைட் ரெடி!" என்று தாடிக்காரன் கத்தினான்.

அவர் ஓடினார். இந்த வயதில் இந்த உடம்பு ஓடும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. தளும்பும் பாத்திரத்தைத் தலையில் வைத்திருப்பவர்போல, ஒரு வார்த்தைகூடச் சிந்தாமல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வெள்ளைத் தாளைக் கையில் எடுத்து, கேமராவுக்குத் தெரியாத கோணத்தில் பிடித்துக்கொண்டார். பெண் அவசரமாக வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் முகம் இன்னும் சமையலறையிலேயே இருந்தது.

"ரோலிங் சார்."

எழுத்தாளர் தொண்டையைச் செருமினார். நீண்ட காலத்துக்குப் பிறகு அவர் குரலில் நடிப்பு இல்லை; பசி இருந்தது.

"'அக்கா இப்போதெல்லாம் சுற்றிப் பார்க்காமலே அழுகிறாள்,'" என்று வெற்றுத்தாளைப் பார்த்து வாசித்தார். "'பார்ப்பதற்கு யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.'"

தாடிக்காரன் கேமராவுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பெண்ணின் தலை மெதுவாக நிமிர்ந்தது. அவள் எழுத்தாளரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வாசற்படியைப் பார்த்தாள். எழுத்தாளரும் திரும்பினார்.

மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கணம் அவர் கையிலிருந்த தாள் தாழ்ந்தது. அடுத்த கணம் சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். ஈரக்கை. இது அவருக்குத் தெரியும், இதைப் பற்றி ஒரு நாவலே எழுதியிருக்கிறார். கை காய்வதற்குள் கோபம் போய்விடும். இவ்வளவு வருஷமும் அவர் குடும்பம் நடத்தியது அந்த ஈரத்தை நம்பித்தான். நிறுத்து என்று அவருக்குள் ஏதோ ஒன்று சொன்னது, அது நல்ல குரல்தான், ஆனால் அதற்குப் பட்டியலில் பெயர் இல்லை. நிறுத்தினால் இந்த வரியும் போகும், பெயரும் போகும். பிறகு இந்த மேஜையும் மரமும் மட்டும் மிஞ்சும். அவர் தாளுக்குத் திரும்பினார்.

"'வீடு பெரிது. நாய்க்குத் தனி அறை இருந்தது. அக்கா மட்டும் விடிவதற்குள் போர்வையை மடித்து...'"

"சார், வேண்டாம் சார்," என்றாள் பெண், மெல்ல.

"'...ஒளித்துவைக்க வேண்டும்.'"

கதவின் கைப்பிடியில் ஒரு துண்டு தொங்கியது. மனைவி அதை எடுத்தாள். அவசரப்படாமல் துடைத்தாள். உள்ளங்கையை, புறங்கையை, ஒவ்வொரு விரலாக, விரலிடுக்கை, மோதிரத்துக்கு அடியில். துடைத்து முடித்துத் துண்டை மடித்துப் பழைய இடத்தில் போட்டாள். இப்படி அவள் துடைத்து அவர் பார்த்ததே இல்லை. காய்ந்த கை என்ன செய்யும் என்பது அவர் நாவலில் எந்த இடத்திலும் வராது. அதை அவள் சொன்னதில்லை. அதனால் அவருக்குத் தெரியாது.

அவள் கூடத்துக்குப் போய்ப் போனை எடுத்தாள். இத்தனை காலமும் போனைக் கையில் எடுத்தால் மொட்டை மாடிக்கு ஓடுகிறவள், இன்று எல்லாருக்கும் கேட்கும்படி நின்ற இடத்திலேயே பேசினாள்.

"அக்கா, நான்தான். இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீ இங்க வராதே, நான் அங்க வரேன். இன்னிக்கே. சோபாதானே? ஆளுக்கு ஒரு ஓரமா உக்காந்துக்கலாம். உன் மகன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கட்டும், நம்ம பாக்காத மூஞ்சியா?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் தணிந்தது. "சொல்றேன். வேற யாரும் சொல்லி நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே நேர்ல வந்து சொல்றேன். தப்பு என்னுதுதான், வாயைத் திறந்துட்டேன். அதுக்கப்புறம் கதவைச் சாத்தறதுன்னா சாத்திக்கோ. ... அவரா? அவர் நம்மள வாசிச்சுகிட்டு இருக்காரு."

போனை வைத்தாள். படுக்கையறைக்குள் போய், துவைத்து வைத்திருந்த போர்வைகளில் ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். பெண் எழுந்துபோய் வழியில் நின்றாள். "அம்மா, இதைச் சேனல்ல போட நான் விட மாட்டேன். இதை அழிச்சுடச் சொல்றேன்."

"அழிக்கலாம்மா. இவரு காதை அழிக்க முடியுமா?" என்றாள் மனைவி. பெண்ணின் கன்னத்தைக் காய்ந்த கையால் ஒருமுறை தொட்டாள். "உங்க அக்காவுக்கு இன்னிக்குப் போன் பண்ணு."

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேமராவுக்குள் கண்ணைப் புதைத்திருந்த தாடிக்காரனுக்கு இது எதுவும் எட்டவில்லை. "பிரமாதம் சார்," என்றான். "கண்ணுல தண்ணி வருது. அடுத்த வரி?"

எழுத்தாளர் தாளைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அடுத்த வரி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா," என்று கூப்பிட்டார்.

தாளைக் கீழே வைத்துவிட்டு வாசல்வரை போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டின் சுழலுக்குள் குனிந்து, இன்னொரு முறை கூப்பிட்டார். திட்டு வேண்டியதில்லை, வார்த்தை வேண்டியதில்லை. ஒரு 'ம்' வந்தால் போதும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

குண்டூசி விழுந்தால் கேட்டிருக்கும்.